மைம்மலில் ஒரு சைக்கிள் சத்தம்

திகில் படத்தில் ஒரு காட்சி தேறியிருக்கிறதா என்று பார்க்க நான் கண்ணை மூடிக்கொள்வதுண்டு. சத்தத்தை மட்டும் கேட்டு முதுகு கூசினால் தேறிவிட்டது. வன்னியில் தர்மபுரத்துப் பெடியள் சிலர் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு, பெறுபேறு வரும்வரைக்கும் சும்மா இருக்க மாட்டாமல் எடுத்த குறும்படத்தில் ஒரு காட்சி அப்படித் தேறியது. ரியூசன் முடிந்த ஒரு பிள்ளை வாய்க்காலோரப் பாதையால் சைக்கிளில் வீடு திரும்புகிறாள். பின்னால் இன்னொரு சைக்கிளின் செயின் கவர் உரசுகிற சத்தம். அவள் நின்றால் அதுவும் நிற்கிறது. அவள் மிதித்தால் அதுவும் வருகிறது. வசனம் ஒன்றுமில்லை.

படப்பிடிப்பை நான் வாய்க்கால் கட்டில் குந்தியிருந்து பார்த்தேன். எங்கள் பக்கத்தில் பொழுது பட்டால் மைம்மல் இருபது நிமிடத்துக்கு மேல் நிற்காது. அதற்குள் தூரத்துக் காட்சிகளை முடித்துவிட வேண்டும். முகத்தை இருட்டியபின் எடுக்கலாம். ரோச் லைற்றை றெஜிபோம் தட்டில் அடித்துத் திருப்பினால் மைம்மலின் மிச்ச வெளிச்சம் போலவே விழும். கைபேசிக் கமராவுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. இருட்ட இருட்டத் தானாகவே வெளிச்சத்தைக் கூட்டி, இரவைப் புள்ளி புள்ளியான பகலாக்கிவிடும். பெடியள் திரையை அழுத்திப் பிடித்து அந்த வேலையை நிறுத்திவிட்டிருந்தார்கள். அதனால் காட்சி ஓட ஓட இருட்டு உண்மையாகவே ஏறுகிறது. முதலில் வடலி தெரிகிறது, பிறகு வடலியின் கோடு மட்டும், பிறகு பிள்ளையின் வெள்ளைச் சட்டை மட்டும். எந்தச் செலவும் இல்லாமல் கிடைத்த இந்த நிறத்தைக் காசு கொடுத்துச் செய்விக்க முடியுமோ தெரியாது.

வெளிச்சத்தை விடச் சத்தம்தான் அவர்களைப் படுத்தியது. பக்கத்துத் தோட்டத்தில் தண்ணி இறைக்கிற மிசின் ஓடிக்கொண்டிருந்தது.

“ஐயா, ஒரு பத்து நிமிசம் மிசினை நிப்பாட்டி வையுங்கோவன்.”

“பத்து நிமிசத்திலை மிளகாய் வாடாது தம்பி. ஆனால் திருப்பி ஸ்ராட் எடுக்கிறது ஆர், நீயோ?”

கடைசியில் நிப்பாட்டினார். திருப்பி ஸ்ராட் எடுத்ததும் நெறியாளர்தான், கயிறு இழுத்துத் தோள் நோவோடு.

மாணவர்களும் திகிலும் என்றால் என் வயதுக்காரர்களுக்கு ‘ஊமை விழிகள்’ நினைவுக்கு வராமல் போகாது. 1986இல் சென்னைத் திரைப்படக் கல்லூரியில் படித்தவர்கள் சேர்ந்து எடுத்த சினிமாஸ்கோப் படம். ஆபாவாணன் கதை எழுதித் தயாரிக்க, அரவிந்தராஜ் இயக்கினார். ஆபாவாணன் மாணவராக எடுத்த ‘மர்டர் எக்கோ’ என்ற குறும்படம்தான் அதற்கு விதை. ரி.வி.யும் டெக்கும் ஜெனரேற்றரும் வாடகைக்கு எடுத்து, முற்றத்தில் பாய் விரித்து விடிய விடியப் படம் பார்த்த காலத்தில் அதில் வரும் கிழவியைக் கண்டு பயப்படாத பிள்ளை குறைவு. அந்தப் படத்தின் பாட்டொன்று எங்கள் பக்கத்தில் படத்தை விட்டுப் பிரிந்து வேறொரு சீவியம் சீவித்தது தனிக்கதை. பாட்டை எல்லாரும் வைத்துக்கொண்டார்கள். நான் வைத்துக்கொண்டது ஆளில்லாத வெளியை. அகலத் திரையின் ஒரு ஓரத்தில் ஆளை நிறுத்தி மீதியை வெறுமையாக விட்டால், பார்க்கிறவன் கண் அந்த வெறுமையைத்தான் காவல் காக்கும். தர்மபுரத்துப் பெடியளும் பிள்ளையை நடுவில் வைக்காமல் ஓரத்தில்தான் ஓடவிட்டிருந்தார்கள்.

இன்னும் பழைய மாணவப் படமொன்று, 1957இல் போலந்தின் வூட்ஜ் திரைப்படக் கல்லூரியில் பொலான்ஸ்கி எடுத்த ‘கொலை’. ஒன்றரை நிமிடம் வருமா? கதவு திறக்கிறது, ஒருவன் வருகிறான், தூங்குகிறவனைப் பேனாக்கத்தியால் குத்துகிறான், போகிறான். ஏன், எதற்கு என்று ஒரு சொல் இல்லை. பொதுவாக நம் பெடியள் எடுக்கிற படங்களில் கொலைகாரனுக்கு அப்பா இல்லாத இளமைக்காலம், காதல் தோல்வி எல்லாம் வைப்பார்கள். அது வந்ததும் பயம் இறங்கிப்போய்விடும். சிக்கனத்துக்கு இன்னொரு படம் சொல்லலாம். நோலனின் முதற்படம் ‘ஃபாலோயிங்’ (1998) கறுப்பு வெள்ளைப் பிலிமில், வார இறுதிகளில், ஏறக்குறைய ஒரு வருடமாக எடுக்கப்பட்டது. பிலிம் விலை கூட என்பதால் நாடகம் போல ஒத்திகை பார்த்து, ஒன்றிரண்டு முறைக்குள் எடுத்து முடித்தார்கள். கைபேசியில் எத்தனை முறையும் எடுக்கலாம். அதுதான் கேடு.

தர்மபுரத்தில் திகில் எடுப்பதில் இன்னொரு சங்கடமும் உண்டு. இங்கே மைம்மலில் ஒரு பிள்ளை கத்தினால் அது நடிப்பாக யாருக்கும் கேட்காது. 2008இன் முடிவிலும் 2009 ஜனவரியிலும் போரால் இடம்பெயர்ந்த சனம் பரந்தன்–முல்லைத்தீவு வீதி நெடுகப் பிதுங்கி நின்ற ஊர் இது. பெடியள் முதல் நாளே வீடு வீடாகப் போய்ச் சொல்லி வைத்தார்கள். பிறகு தங்களுக்குள் பேசி, கத்தலையே படத்திலிருந்து தூக்கிவிட்டார்கள். படத்துக்கு அதுதான் நல்லதாய்ப் போயிற்று. அந்தக் காலத்தையே நேராகச் சொல்ல வந்த மதி சுதாவின் ‘வெந்து தணிந்தது காடு’ படமும் கைபேசியில் எடுத்ததுதான். கருவி சின்னது என்ற சாட்டு இனி எடுபடாது.

குறை இல்லாமலில்லை. தொடக்கத்தில் ட்ரோனை ஏற்றிக் குளத்தையும் வயலையும் சுற்றிக் காட்டுகிறார்கள். சுற்றுலாப் பயணிக்கு உதவும், பயப்பட வந்தவனுக்கு உதவாது. முன்பாதியில் இணையத்தில் எடுத்த இடிமுழக்க இசை வேறு. சைக்கிள் காட்சிக்கு மட்டும் ஏதோ புண்ணியத்தில் இசை போடவில்லை.

அந்தக் காட்சியின் உச்சம் ஒரு குருவி. பின்னால் செயின் கவர் உரசிக்கொண்டிருக்க, முன்னால் இருக்கும் பற்றைக்குள் ஆட்காட்டி கத்துகிறது. ஆள் அசைந்தால் கத்துகிற குருவி அது என்று வன்னியில் மாடு மேய்த்தவனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. துரத்துகிறவன் பின்னால் வருகிறான், இன்னொருவன் முன்னால் நிற்கிறான். படம் அவனைக் காட்டவே இல்லை. பிள்ளை அந்தத் திசைக்கே வேகமாக மிதிக்கிறாள். இந்தக் குருவியை இன்னொரு கைபேசியில், வேறொரு நாள் விடியப்புறம் கல்மடுக்குளப் பக்கம் போய்த் தனியே பதிந்து வந்து ஒட்டியிருக்கிறார்கள்.

கனடாவில் இருக்கும் மாமா ஒருவர் பார்த்துவிட்டு, “முன்னுக்கு நிக்கிறவனையும் ஒருக்கால் காட்டியிருக்கலாம், எனக்கு விளங்கேல்லை” என்று குரல்பதிவு அனுப்பினாராம். பெடியள் குருவியின் சத்தத்தை இன்னும் கொஞ்சம் கூட்டிவிட்டு, படத்தைத் திருப்பி அவருக்கே அனுப்பி வைத்தார்கள்.