கணக்கு யார் பெயரில்?

மஸ்தானம்மாவை நம்மில் பலர் பார்த்திருப்போம். ஆந்திரக் கிராமம் ஒன்றில், வெட்டவெளியில் விறகடுப்பு மூட்டி, தரையில் அமர்ந்து சமைத்த மூதாட்டி. தோலுரிக்கக் கத்தியைத் தேடமாட்டார், நகமே போதும். தர்பூசணியைக் குடைந்து அதற்குள் கோழிக்கறியை வேகவைத்த அவருடைய காணொலி உலகம் முழுக்கச் சுற்றியது. கொள்ளுப்பேரனும் அவருடைய நண்பரும் தொடங்கிய 'கன்ட்ரி ஃபுட்ஸ்' யூடியூப் சேனலை, 2018 டிசம்பரில் மஸ்தானம்மா இறந்தபோது 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பின்தொடர்ந்தார்கள். அவருக்கு வயது 107 என்றன செய்திகள். சிறுமியாக இருந்தபோதே திருமணம், இளம் வயதிலேயே கணவரின் மரணம், கூலி வேலை செய்து பிள்ளை வளர்த்தல் என்று போன ஒரு வாழ்க்கை, நூறு வயதைத் தாண்டிய பிறகு திரைக்கு வந்தது.

அதன்பின் பாட்டிகளும் அம்மாக்களும் அத்தைகளும் சமைக்கும் காணொலிகள் தனி வகையாகவே வளர்ந்துவிட்டன. அவற்றின் இலக்கணம் நமக்குப் பழக்கமானது. கேமரா பெரும்பாலும் கைகளின் மீதே நிற்கும். அம்மி, கருவேப்பிலை பொரியும் சத்தம், வாழையிலை, பரிமாறல். கீழே கமெண்டுகளில் 'கைப்பக்குவம்', 'கைமணம்' என்ற சொற்கள் திரும்பத் திரும்ப வரும். பாராட்டுத்தான். ஆனால் அந்தச் சொற்கள் செய்யும் வேலையைக் கவனிக்க வேண்டும். பல்லாண்டுப் பயிற்சியை, அளவு தெரிந்த அறிவை, புகையில் கரித்த கண்களை அவை கையோடு பிறந்த மணமாக மாற்றிவிடுகின்றன. மணத்துக்கு யார் கூலி கொடுப்பார்கள்?

மஸ்தானம்மாவின் கொள்ளுப்பேரனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது என் நோக்கமல்ல. படம்பிடிப்பதும் வெட்டி ஒட்டுவதும் பதிவேற்றுவதும்கூட உழைப்புத்தான். அந்த இளைஞர்கள் இல்லாவிட்டால் அவரை நாம் அறிந்திருக்கவே மாட்டோம். நான் கேட்பது தனிமனிதர்களின் நல்ல மனதைப் பற்றியல்ல, அமைப்பைப் பற்றி. ஒரு காணொலிக்குள் பலருடைய உழைப்பு இருக்கும்போது, வருமானம் யார் கணக்குக்குப் போகும்படி இந்த ஏற்பாடு செய்யப்பட்டிருக்கிறது?

விடை சிக்கலானதல்ல. 1,000 பின்தொடர்வோரும், ஓராண்டில் 4,000 மணி நேரப் பார்வையும் சேர்ந்தால் ஒரு யூடியூப் சேனல் விளம்பர வருமானம் பெறத் தகுதி அடைகிறது. நீளமான காணொலிகளில் வரும் விளம்பரப் பணத்தில் 55 சதவீதத்தை யூடியூப் சேனலுக்குத் தருகிறது. அந்தப் பணம் சேனலோடு இணைக்கப்பட்ட ஆட்சென்ஸ் கணக்குக்குப் போகும். சமைத்தவர் யார், பாத்திரம் கழுவியவர் யார், ஆடியவர் யார் என்று கணினி கேட்பதில்லை. கணக்கு வைத்திருப்பவரே படைப்பாளி. நாற்று நட்டதும் களை பறித்ததும் பெண்கள், பட்டா ஆணின் பெயரில் என்ற ஏற்பாடு நமக்குப் புதிதல்ல. வயலில் இருந்த பட்டா இப்போது கைப்பேசிக்குள் வந்திருக்கிறது.

வீட்டு வேலைக்கு ஊதியம் வேண்டும் என்ற இயக்கத்தை மரியாரோசா டல்லா கோஸ்டா, செல்மா ஜேம்ஸ், சில்வியா ஃபெடரிச்சி போன்றோர் 1972-இல் தொடங்கினார்கள். அன்பு என்று பெயரிடப்பட்டதால் உழைப்பு கண்ணுக்குத் தெரியாமல் போகிறது என்பது அவர்கள் வாதம். இந்தியாவில் 2019-இல் நடந்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்காக நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களும் ஆண்கள் 97 நிமிடங்களும் செலவிட்டார்கள். இந்த 299 நிமிடங்கள் சந்தையில் காசாகும் என்பதைக் காணொலிகள் நிரூபித்துவிட்டன. கோலம் போடுவது, பாத்திரம் தேய்ப்பது, அடுப்படியைத் துடைப்பது எல்லாமே வருமானம் தருகின்றன. ஒரு நிபந்தனை மட்டும் உண்டு. வேலை செய்வதால் பணம் வராது; வேலை செய்வதைப் படமெடுத்தால் வரும். வேலைக்காரிக்கும் தாய்க்கும் மறுக்கப்பட்ட ஊதியம், அவர்களின் பிம்பத்துக்குக் கிடைக்கிறது. அந்தப் பிம்பத்தின் சாவி வேறொருவர் கையில் இருக்கிறது.

இது சமையலோடு நிற்பதல்ல. 2019 செப்டம்பரில், அமெரிக்காவின் அட்லாண்டா பகுதியைச் சேர்ந்த ஜலாயா ஹார்மன் என்ற 14 வயதுக் கறுப்பினச் சிறுமி 'ரெனகேட்' என்ற நடனத்தை உருவாக்கி இணையத்தில் வெளியிட்டாள். சில வாரங்களில் அது டிக்டாக்குக்குப் போனது, கோடிக்கணக்கானோர் ஆடினார்கள். அந்த நடனத்தோடு உலகம் நினைவில் வைத்த முகம் சார்லி டிஅமெலியோ என்ற வெள்ளையின இளம் பெண்ணுடையது. 2020 பிப்ரவரியில் நியூயார்க் டைம்ஸ் எழுதிய பிறகே ஜலாயாவின் பெயர் வெளியே வந்தது. அடுத்த ஆண்டு மார்ச்சில், ஜிம்மி ஃபாலன் நிகழ்ச்சியில் அடிசன் ரே பல டிக்டாக் நடனங்களை ஆடிக்காட்டினார். அவற்றை உருவாக்கியவர்கள் பெயர் நிகழ்ச்சியில் சொல்லப்படவில்லை. கண்டனம் எழுந்த பிறகே அவர்களுக்கும் அங்கே இடம் கிடைத்தது. அந்தக் கோடையில் கறுப்பின நடனப் படைப்பாளிகள் பலர், புதிதாக வந்த ஒரு பாடலுக்கு நடனம் அமைக்க மறுத்து வேலைநிறுத்தம் செய்தார்கள். எல்லோரும் விளையாட்டு என்று நினைத்ததை உழைப்பு என்று உரக்கச் சொன்ன போராட்டம் அது.

இங்கே எடுத்தவர்களில் பலர் பெண்கள், இழந்தவர்களில் பலரும் பெண்கள். ஆண் சுரண்டுகிறான், பெண் சுரண்டப்படுகிறாள் என்ற ஒற்றைக் கோட்டில் இது அடங்காது. யாருடைய தோலும் முகமும் விளம்பரதாரருக்குப் பிடிக்கிறதோ, அவரிடம் நடனமும் போய்ச் சேர்கிறது.

'இத்தனை கோடிக் காணொலிகளில் யாருடையது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?' என்று கேட்பார்கள். யூடியூபுக்குக் கண்டுபிடிக்கத் தெரியும். ஒரு திரைப்பாடலின் சில நொடிகளை உங்கள் காணொலியில் போட்டுப் பாருங்கள். கன்டென்ட் ஐடி என்ற ஏற்பாடு அதை இனம் கண்டு, பாடலின் உரிமை நிறுவனம் விரும்பினால் விளம்பரப் பணத்தை அதற்கே திருப்பிவிடும். ஆக, பிறர் உழைப்பைக் கண்டறிந்து பணத்தைத் திருப்பிவிடும் தொழில்நுட்பம் இல்லாமலில்லை. நிறுவனங்களின் சொத்துக்காக அது கட்டப்பட்டது. பாட்டியின் கைகளுக்காகக் கட்டப்படவில்லை.

சட்டமும் அப்படித்தான் பார்க்கிறது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 'நிகழ்த்துநர்' என்பதற்கு ஒரு பட்டியல் தருகிறது: நடிகர், பாடகர், இசைக்கலைஞர், நடனக்கலைஞர், கழைக்கூத்தாடி, வித்தைக்காரர், பாம்பாட்டி, சொற்பொழிவாளர். 'நிகழ்த்தும் வேறு எவரும்' என்று ஒரு கதவும் திறந்திருக்கிறது. சமைத்துக் காட்டும் பெண் அந்தக் கதவு வழியாகத்தான் உள்ளே வர வேண்டும். ஆனால் 2012-இல் சேர்த்த விதியொன்று அங்கேயும் நிற்கிறது. படத்தில் போகிறபோக்கில் வந்துபோகிறவர், தொழில் வழக்கப்படி எங்கும் பெயர் குறிப்பிடப்படாதவர் என்றால், தன் நிகழ்த்துகை திரிக்கப்படும்போது எதிர்க்கும் உரிமை தவிர அவருக்கு நிகழ்த்துநர் என்ற தகுதி கிடையாது. பெயர் போடும் வழக்கமில்லை என்பதே உரிமை இல்லாமல் போவதற்கு ஒரு காரணமாகிறது. பெயர் போடாதது மரியாதைக் குறைவு மட்டுமல்ல என்பது இங்கே விளங்கும்.

குழந்தைகள் விஷயத்தில் உலகம் மெல்ல விழித்திருக்கிறது. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், பள்ளி மாணவி ஒருவர் செனட்டருக்கு எழுதிய கடிதத்தில் தொடங்கிய முயற்சி சட்டமாகி, 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. வருமானம் தரும் குடும்பக் காணொலிகளில் 16 வயதுக்குட்பட்ட பிள்ளை குறிப்பிட்ட அளவுக்கு மேல் தோன்றினால், அதற்கேற்ற பங்கைப் பெற்றோர் தனிக் கணக்கில் ஒதுக்கி வைக்க வேண்டும். யூட்டா மாநிலத்தில் '8 பாசஞ்சர்ஸ்' சேனலை நடத்திய ரூபி ஃபிராங்க் குழந்தைகளைக் கொடுமைப்படுத்தியதற்காக 2024-இல் சிறை சென்றார். அவருடைய மூத்த மகள் ஷாரி அதே ஆண்டில் சட்டமன்ற உறுப்பினர்கள் முன் பேசியபோது, அறத்தோடு நடத்தப்படும் குடும்ப சேனல் என்று ஒன்று இருக்கவே முடியாது என்று வாதிட்டார். பணத்தைப் பங்கிட்டால் கணக்கு நேராகிவிடாது. 'வேண்டாம்' என்று சொல்ல முடியாத வயதில் எடுத்த படத்தை எந்தத் தொகை ஈடுகட்டும் என்பதுதான் அவர் எழுப்பும் கேள்வி.

இந்தியாவில் 2017-இல் வந்த குழந்தைத் தொழிலாளர் விதிகளின்படி, ஒரு குழந்தைக் கலைஞரின் வருமானத்தில் குறைந்தது 20 சதவீதம் அவர் பெயரில் நிரந்தர வைப்பில் போடப்பட வேண்டும். ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. படப்பிடிப்புத் தளத்தில் இதைக் கேட்க ஆள் இருக்கலாம். தளமே வீடாகவும் தயாரிப்பாளர் அப்பாவாகவும் இருக்கும்போது யார் போய்க் கேட்பது? வீட்டுப்படியோடு சட்டம் நின்றுவிடுவது குடும்ப வன்முறையில் நாம் பார்த்த பழைய கதைதான்.

இந்த இடத்தில் ஒன்றைப் பிரித்துச் சொல்லியாக வேண்டும். யூடியூபில் சம்பாதிக்கும் பெண்களை நம் ஊர் ஏற்கெனவே போதுமான அளவு ஏசுகிறது. 'படுக்கையறையைக் காட்டிப் பிழைக்கிறாள்', 'குடும்ப மானத்தை விற்கிறாள்' என்ற வசைகளும் அறம் என்ற சொல்லைப் போர்த்திக்கொண்டுதான் வருகின்றன. மேலோட்டமாகப் பார்த்தால் என் விமர்சனமும் அவற்றின் பக்கத்து வீடுபோலத் தோன்றலாம். ஆனால் அந்த வசை பெண்ணை வீட்டுக்குள் திரும்பப் போகச் சொல்கிறது. அவள் சம்பாதிப்பதுதான் அதற்கு உறுத்தல். பெண்ணிய விமர்சனத்துக்குச் சம்பாதிப்பது உறுத்தலல்ல. வேலை கிடைக்காத, வேலைக்குப் போக அனுமதிக்கப்படாத எத்தனையோ பெண்களுக்கு இந்தச் சேனல்கள் முதல் வருமானம். அதைக் காப்பாற்றிக்கொண்டேதான் பங்கு பற்றிப் பேச வேண்டும்.

அப்படிப் பேசும்போது பெண் என்பதற்காக யாருக்கும் விலக்கு கொடுக்க முடியாது. தன் வீட்டு ஒழுங்கைக் காட்டிப் புகழ்பெறும் பெண்ணின் காணொலியில், பின்னால் தரை துடைத்துக்கொண்டு போகும் அக்கா யார்? 'எங்க வீட்ல ஒருத்தர் மாதிரி' என்று அவரைப் பற்றிச் சொல்லி எடுக்கும் பிறந்தநாள் காணொலிக்கு வந்த வருமானத்தில் அவருக்கு எவ்வளவு? மாதச் சம்பளம் துடைப்பதற்கும் கூட்டுவதற்கும்தான் பேசப்பட்டது, முகத்துக்குப் பேசப்படவில்லை. வேண்டாம் என்றால் வேலை போய்விடுமோ என்ற பயம் இருக்குமிடத்தில் அவருடைய சம்மதத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்ள முடியாது. சாதியும் வர்க்கமும் கேமராவுக்குப் பின்னாலும் நிற்கின்றன.

'எங்க பாட்டியே காசு வேண்டாங்கறாங்க, பேரனுக்காகத்தானே செய்யறேன்னு சொல்றாங்க' என்று பதில் வரும். சொல்லத்தான் செய்வார்கள். கேட்டால் பாசம் குறைந்துவிடும் என்றுதான் பெண்கள் பழக்கப்பட்டிருக்கிறார்கள். 2023 செப்டம்பர் 15-இல் தமிழ்நாட்டு அரசு குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுக்கத் தொடங்கியபோது, அதற்கு 'உதவித் தொகை' என்று பெயர் வைக்கவில்லை. 'மகளிர் உரிமைத் தொகை' என்றது. தொகை சிறியது, திட்டத்தின் மீது விமர்சனங்களும் உண்டு. ஆனாலும் பணம் அவளுடைய வங்கிக் கணக்கிலேயே விழுகிறது. வேண்டாம் என்று சொல்லும் பெண்ணுக்கும் தன் பெயரில் ஒரு கணக்கு இருப்பது வேறு, இல்லாமலே வேண்டாம் என்பது வேறு.

இந்தத் தொகுப்பை வாசிக்கும் மாணவிகளில் பலர் நாளை கேமராவோடு போகப்போகிறவர்கள். கல்லூரி ஆவணப்படத்துக்காக மீன் விற்கும் பெண்களிடமும், ஒப்பாரி பாடும் பாட்டிகளிடமும், பாய் முடைபவர்களிடமும் போவீர்கள். முடிந்ததும் அந்தப் படம் உங்கள் சேனலில் ஏறும். போவதற்கு முன் சிலவற்றை முடிவு செய்துகொள்ளுங்கள். இது எங்கே வெளியாகும், காசு வந்தால் யாருக்கு வரும் என்பதை அவர் மொழியில் முதலிலேயே சொல்லுங்கள். அவர் விரும்பினால் அவர் பெயரைக் காணொலியிலேயே போடுங்கள். கீழே விவரத்தில் ஒளிக்காதீர்கள். பங்கு எவ்வளவு என்பதைப் படம் ஓடத் தொடங்கும் முன்பே பேசுங்கள், ஓடிய பிறகு பேசினால் அது தானமாகிவிடும். அவர் பிறகு மனம் மாறி எடுத்துவிடச் சொன்னால், எத்தனை லட்சம் பேர் பார்த்திருந்தாலும் எடுத்துவிடுங்கள். ஒப்பாரி பாடியவருக்கு ஒருநாள் கூலி போயிருக்கும். அன்றைய கூலியையாவது அன்றே கொடுத்துவிட்டு வாருங்கள்.