சூமானின் பியானோ இசையில் இற்செறிப்பு

கியா பார்ம் மலைச்சரிவில் குறிஞ்சித்திணை கற்பிக்கும் ஆசிரியர், இற்செறிப்பை விளக்க ஜெர்மானிய இசைஞர் இராபர்ட் சூமானையும் துணைக்கொள்ளலாம். கிளாராமீது கொண்ட காதலே அவர்தம் பியானோ இசையை உருவாக்கியது என்பர். காதலினும் காவலே அதற்கு வடிவம் தந்தது என்பது நம் கருத்து. 1836இல் கிளாராவின் தந்தை இருவரும் சந்திப்பதைத் தடுத்தார். அவ்வாண்டில் தொடங்கிய 'பேண்டசி'யின் முதற்பகுதி இறுதியில், தொலைவிலுள்ள காதலியை நோக்கிப் பேத்தோவன் 1816இல் அமைத்த பாடல்தொகுதியின் மெட்டொன்று எதிரொலிக்கின்றது. சொல்லின்றி ஒலிக்கும் அம்மெட்டு, உணர்வார்க்கே புலப்படும் இறைச்சிப்பொருள் போன்றது. பேத்தோவன் நினைவுச்சின்ன நிதிக்காகவும் அப்படைப்பு எண்ணப்பட்டது உண்மையே. எனினும், அம்முதற்பகுதி கிளாராவுக்கான புலம்பல் என 1838இல் சூமானே அவருக்கு எழுதினார். நீதிமன்றத்தின் வழி தடை நீங்கி மணம் நிகழ்ந்த 1840இலோ, நூற்றுக்கும் மேற்பட்ட பாடல்களை இயற்றினார். களவு கற்பாகுங்கால் இசை சொல்லை நாடிற்று எனலாம்.