அம்மூவனாரின் இரு புட்பத்துக்களும் கடற்கரைப் பறவைகளின் உறைவிடமும்

ஐங்குறுநூற்றின் நெய்தற்பகுதியைப் பாடிய அம்மூவனார், புள்ளின் பெயரால் வெள்ளாங்குருகுப் பத்து, சிறுவெண்காக்கைப் பத்து என இரண்டனை அமைத்துள்ளார். இவற்றிற்கு உரை கண்டோர் பெரும்பாலும் உள்ளுறை பொருந்துமாறு காட்டுவதிலேயே கருத்தூன்றினர். குருகு யாரைக் குறித்தது, நாரை யாரைக் குறித்தது என்பது ஆராயப்பட்ட அளவிற்கு, அந்நாரை எங்கே நின்றது என்பது ஆராயப்படவில்லை. உள்ளுறை வேண்டா என்பது எம் கருத்தன்று. புள்ளின் இடமும் செயலும் தெளிவாகாத வழி, அதன்மேல் நிறுத்தப்படும் உள்ளுறையும் தளரும் என்பதே ஈண்டுக் கூறக் கருதியது.

வெள்ளாங்குருகுப் பத்தின் பாட்டுக்கள் யாவும் ஒரே செய்தியுடன் தொடங்குகின்றன. குருகின் பிள்ளை இறந்ததாகக் கருதி, மெல்ல நடக்கும் நாரையொன்று அதனைக் காணச் செல்கிறது. தொடக்கம் ஒன்றாயிருத்தலின் பத்தும் ஒருதன்மையவே என்று கடந்து செல்வாருளர். அது பொருந்தாது. தொடக்கம் மாறாது நிற்பதனாலேயே அடுத்து வரும் அடியின் வேறுபாடு புலனாகின்றது. 151-ஆம் பாட்டில் நாரை மிதித்த இடத்தே நெய்தற்பூ மலர்கின்றது, அது கழி. 153-இல் அது கோதியுதிர்த்த தூவி மணற்குவியலில் கிடைக்கின்றது, அது மேட்டுமணல். 154-இல் அது தங்குவது கானல். 156-இல் உதிர்ந்த தூவி தெளிந்த கழிநீரில் பரவுகின்றது. 157-இல் காலை தொட்டு இருந்து மாலையில் அடைகின்றது. 159-இல் பசி வருத்தக் குளிர்ந்த நீர்க்கரையில் கிடக்கின்றது. இரை கொள்ளும் கழி, இறகு கோதும் மணல், இரவு தங்கும் சோலை ஆகிய மூன்றும் ஒரே புள்ளின் வாழ்விடத்தின் கூறுகளாக இப்பத்தினுள் அடங்கிவிட்டன. புலவர் இதனை வரையறுத்துக் கூறவில்லை. கூறவேண்டிய தேவையும் அவர்க்கில்லை.

இந்நாரை யாது? 156-ஆம் பாட்டுத் தூவிக்குச் சிவந்த மறு உண்டு என்கின்றது. சிவந்த இறகுடைமை பற்றிப் பூநாரை என்று கொள்ளலாமோ எனில், பூநாரை மரத்தில் அமர்வதில்லை. சோலையில் தங்குதல் அதற்கு இயையாது. சங்குவளை நாரை எனவும் மஞ்சள்மூக்கு நாரை எனவும் வழங்கும் பறவைக்கு வால்மருங்கில் இளஞ்சிவப்புத் தூவியுண்டு; ஆழமில்லாத நீரில் அலகைத் திறந்தவாறு மெல்ல நடந்து மீன் பற்றும்; மரத்திலே கூடு கட்டும்; மரத்திலே தங்கும். நடை, தூவி, தங்கிடம் மூன்றும் பொருந்துதலின் இதுவே யாம் கொள்வது. கானல் என்பதற்குக் கடற்கரை நிலம் என்ற அளவிலே பொருள் கொள்வார்க்கு இம்முடிபு சற்றே நெகிழும் என்பதையும் ஒப்புகின்றோம். 'சங்க இலக்கியத்தில் புள்ளின விளக்கம்' எழுதிய பி. எல். சாமி இத்துறையில் வழி திறந்தவர். அவர்க்குப் பின் தமிழ்த்துறைகள் அவ்வழியில் நெடுந்தொலைவு செல்லவில்லை. மதுரையில் நெய்தல் கற்பிக்கும் நாமும், கழி என்பதற்கு உப்பங்கழி என்று பொருளெழுதி அமைந்துவிடுகின்றோம். மாணாக்கருள் பலர் கழியைக் கண்டதில்லை.

இக்காலத்துப் பறவைக் காப்பு முயற்சியோடு இதனை வைத்து நோக்குதல் தகும். 1971-இல் ஈரானின் ராம்சார் நகரில் உருவான ஈரநில உடன்படிக்கையின் அளவுகோல்களுள் இரண்டு எண்ணிக்கை பற்றியவை: இருபதாயிரம் நீர்ப்பறவைகளுக்குக் குறையாமல் கூடுமிடம், அல்லது ஓரினத்தொகையில் நூற்றுக்கொரு பங்கு தங்குமிடம் சிறப்புடையது. 2004-இல் வெளிவந்த இந்தியப் பறவைகளின் முதன்மை வாழிடத் தொகுப்பு 466 இடங்களைக் குறித்தது. 1967-இல் சரணாலயமான கோடிக்கரை, 2002-இல் தமிழ்நாட்டின் முதல் ராம்சார் இடமாயிற்று. இராமநாதபுர மாவட்டத்துச் சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் கண்மாய்கள் 1989-இல் சரணாலயங்களாகி, 2022-இல் ராம்சார் பட்டியலிற் சேர்ந்தன. 2025-இல் தனுஷ்கோடிப் பகுதி பூநாரைகளுக்கெனச் சரணாலயமாக அறிவிக்கப்பெற்றது. இவை யாவும் போற்றத்தக்கன.

ஆயினும் எண்ணிக்கையால் இடங்காணும் முறைக்கு ஒரு குறையுண்டு. பறவை கூடியிருக்கும்போதே அது எண்ணப்படும். ஆயிரம் பறவை கூடு கட்டும் கண்மாய் பட்டியலில் ஏறும். அவை தனித்தனியே பரந்து இரை தேடும் சிறு கழியும், மாலையில் அடையும் கரையோரத் தோப்பும் ஏறா. கண்மாயில் நீர் நில்லாத ஆண்டில் நாரை கூடு கட்டாது; அந்நீரோ வானத்தை மட்டும் நம்பியதன்று. 1959-இல் முடிந்த அணைக்குக் கீழே, மதுரையைக் கடந்து இராமநாதபுரச் சமவெளியின் கண்மாய்களை நிரப்பிச் செல்லும் வையையின் எச்சமே பாக் நீரிணையைச் சேர்கின்றது. கழிக்கு வரும் நன்னீரின் அளவு மேலே முடிவு செய்யப்படுகின்றது. சரணாலயத்து எல்லைக்கல் இத்தொடர்பைக் காட்டுவதில்லை. அம்மூவனாரின் பத்துப் பாட்டில் நாரையின் ஒரு பகற்பொழுதேனும் தொடர்ச்சியாகத் தெரிகின்றது.

சிறுவெண்காக்கைப் பத்து இத்துணை எளிதாக விடை தரவில்லை. அது கழியில் அயிரையும் கெளிற்றுமீனும் உண்டு, புன்னைக் கிளையில் தங்குகின்றது. 168-ஆம் பாட்டில் துறையிற் கிடக்கும் தோணியின் உள்ளே முட்டையிடுகின்றது. கடற்காக்கை எனின், இன்று நம் கரைக்கு வரும் அவ்வினத்தன பனிக்கால விருந்தினரே. ஈண்டு முட்டையிடுவன அல்ல. ஆலா எனின், அவ்வினத்துட் சில நம் மணற்றிட்டுகளில் முட்டையிடும். ஆனால் மரக்கிளையை நாடா. இருவேறு புட்களை ஒரு பெயர் தழுவியதோ, கரையின் நிலைமையே அன்று வேறாயிருந்ததோ ஆராய்தற்குரியது. நெடுநாள் ஏறாது கிடந்த தோணியையே அப்பறவை நாடியிருத்தல் கூடும். தலைவன் வாராத துறைக்கு அது எத்துணைப் பொருந்திய குறிப்பு என்பதனை, புள்ளின் பெயரை உறுதி செய்யாமலே ஏற்கலாம்.