ஏணியும் ஏறியவரும்

உழைத்தான், உயர்ந்தான், ஊராள வந்தான்! மூன்றே சொற்களில் ஒரு மனிதனின் வரலாற்றை முடித்துவிடும் பழக்கம் நம் மேடைகளுக்கு உண்டு. ஊரப்பாக்கத்துப் படிப்பகமொன்றில் இளைஞர்கள் சௌமியமூர்த்தி தொண்டமானைப்பற்றி அவ்வாறே பேசக் கேட்டோம். கடல் கடந்த தமிழன், தோட்ட முதலாளியானான், இலங்கையின் அமைச்சனுமானான் என்றனர். கைதட்டல் ஓய்ந்தது, நம் ஐயம் ஓயவில்லை. கேட்டது வரலாறா, புகழ்மாலையா?

தந்தை கருப்பையா கூலியாகச் சென்று, கங்காணியாகி, இறம்பொடைப் பகுதியில் வேவண்டன் தோட்டத்தை வாங்கினார் என்பர். 1913 இல் இன்றைய சிவகங்கை மாவட்டத்தில் பிறந்த மகன், 1924 இல் சிறுவனாக அங்கே சென்றார். இந்த இடத்தை நம் பேச்சாளர்கள் ஒரே தாவலில் கடந்துவிட்டனர். நாமோ இங்கேதான் நிற்கவேண்டும் என்கிறோம்.

கங்காணி யார்? ஊரில் ஆள் திரட்டுபவன், முன்பணம் கொடுப்பவன், கடன் கணக்கு எழுதுபவன், மலையில் அதே ஆட்களை மேய்ப்பவன். ஆளுக்கு இவ்வளவென்று தலைக்காசும் அவனுக்குண்டு. 'துண்டு' என்றொரு சீட்டு இருந்தது. இன்ன கடனை அடைத்தால் இந்த ஆட்களை விடுவேன் என்று துரை எழுதித் தருவது அது. கடன் கைமாறும், கடனோடு மனிதனும் கைமாறுவான்! 1921 இல்தான் சட்டம் அதை ஒழித்தது. கருப்பையா நல்லவரா, கடியவரா என்பதன்று நம் வினா. ஏறியவரைப் பாடுகிற நாம், ஏணி எதனால் ஆனது என்று கேட்க வேண்டாமா?

1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசு ஏழு இடங்களை வென்றது. நுவரெலியாவில் தொண்டமான் வென்றார். தோட்டத் தொழிலாளியின் வாக்குக்கு வலிமை உண்டென்பதை ஆளவந்தோர் கண்டுகொண்டனர். 1948 இல் குடியுரிமைச் சட்டம். 1949 இல் வாக்குரிமைப் பறிப்பு. கொழுந்து பறித்த கைகளுக்கு வாக்குச் சீட்டு இல்லையாம்! அதை எதிர்த்த செல்வநாயகம் பிரிந்து சென்று தமிழரசுக் கட்சி கண்டார். 1960 இல் தொண்டமான் நியமன உறுப்பினராக மீண்டும் அவை புகுந்தார். அவரைத் தலைவரென ஏற்ற மக்களோ, பெரும்பாலோர், நாடற்றவராய் லயத்து அறைகளிலேயே கிடந்தனர். ஒரு மனிதனின் உயர்வே ஓர் இனத்தின் உயர்வு என்போர் இதற்கு விடை கூறட்டும்.

1964 இல் சிறிமாவோவும் சாத்திரியும் கையொப்பமிட்டனர். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டனர். மூட்டைக் கணக்கா, மக்கள் கணக்கா?

பழிப்பதே நம் நோக்கமன்று. தோட்டம் உடையவர் தொழிற்சங்கத் தலைவராக இருந்தது விந்தைதான். ஆயினும் 1977 இல் மீண்டும் தேர்தலில் வென்று, 1978 இல் அமைச்சராகி, அப்பதவியையே பேரத்துக்குக் கருவியாக்கினார். 1984 வேலைநிறுத்தத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி கிடைத்தது. 1988 இல் நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கச் சட்டம் வந்தது. இவற்றை மறைப்பவன் பகுத்தறிவாளன் அல்லன்.

ஆனால் 1999 இல் அவர் மறைந்தபின் தலைமை பேரனுக்கு. 2020 இல் பேரன் மறைந்தபின் கொள்ளுப்பேரனுக்கு. லயத்து அறையில் பிறந்த எவர்க்கும் அந்த நாற்காலி எட்டவில்லை. (நம் வீட்டு முற்றத்தையும் பார்த்துக்கொண்டே இதை எழுதுகிறோம் என்பதைத் தோழர்கள் உணர்வர்.)

நீலகிரியில் கூடலூரிலும் கோத்தகிரியிலும் தமிழக அரசின் தேயிலைத் தோட்டங்களில், தாயகம் திரும்பியோரின் குடும்பங்கள் இன்றும் உள்ளன. படிப்பகத்தின் அடுத்த கூட்டத்துக்கு அவர்களில் ஒருவரை அழைப்போம். வழிச்செலவுக்கு நாம் பொறுப்பு. தலைப்பு: துண்டு.