75 வீதத்தில் ஒரு பள்ளம்

2013ஆம் ஆண்டின் கூட்டு ஒப்பந்தம் இலங்கைத் தோட்டத் தொழிலாளருக்கு 620 ரூபாய் நாட்சம்பளம் தந்ததாகப் பேசப்பட்டது. அடிப்படை 450, விலைப்பங்கு 30. மீதி 140 ரூபாய் வரவுக் கொடுப்பனவு. தோட்டம் வேலை கொடுத்த நாட்களில் 75 வீதமாவது வந்தவருக்கே அது கிடைக்கும். ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர் என்று பதிவார்கள்; 20 நாள் வேலை கொடுத்த மாதத்தில் 15 பேர் விழுந்தால் 9,300 ரூபாய். 14 என்றால் 6,720. ஒரேயொரு பேருக்கு 2,580 ரூபாய் வித்தியாசம்.

கணிதத்தில் இது தொடர்ச்சியற்ற சார்பு. அத்தகைய சார்பின் விடையை மறுபடி அதற்குள்ளேயே இட்டு, வருவதை மீண்டும் இட்டுப் பார்க்கும் முறை சம்பள விதிகளை ஆராய எவ்வளவு தூரம் உதவும்?

ஒரு கற்பனைக் கணக்கு. சபரகமுவத் தோட்டங்களைச் சுற்றிக் கிராமத்தாரின் சிறு தேயிலைக் காணிகள் உண்டு, இரத்தினபுரிப் பக்கம் மாணிக்கக் குழிகளும் உண்டு. கொடுப்பனவு கிடைத்தவர் அடுத்த மாதம் மேலும் இரண்டு நாள் வெளிவேலைக்குப் போகிறார். இழந்தவர் சுதாரித்து 18 நாள் வருகிறார் என்று வைப்போம். பூச்சியத்திலிருந்து 1 வரையான ஆயிடையில் சொன்னால், வரவு 0.75க்குக் கீழே போனால் அடுத்தது 0.9, மற்றபடி 0.1 குறையும். 0.9, 0.8, 0.7, மறுபடி 0.9. எங்கே தொடங்கினாலும் கடைசியில் இந்த மூன்று மாதச் சுழற்சியில்தான் வந்து விழும். இட்ட எண்ணே விடையாக வரும் நிலையான புள்ளி ஒன்றுகூடக் கிடையாது.

தொடர்ச்சியான சார்பில் இப்படி நடக்கவே முடியாது. மூன்றின் சுழற்சி இருந்தால் எல்லா நீளச் சுழற்சியும், நீளம் ஒன்றான நிலையான புள்ளி உட்பட, இருந்தாக வேண்டும் என்று 1964இல் கணிதவியலாளர் ஷார்கோவ்ஸ்கி நிறுவினார். 1975இல் லீயும் யோர்க்கும் அதையே ஒழுங்கின்மையோடு இணைத்தார்கள். இங்கே ஒரு துள்ளல் அந்தத் தேற்றத்தின் காலை வாரிவிடுகிறது.

முறையின் பலம் இனித்தான் தெரிகிறது. மூன்று மாத வரவு 18, 16, 14. சராசரி 16, அதாவது 80 வீதம். அறிக்கையில் எல்லாம் சரி. ஆனால் 48 நாளுக்குக் கிடைப்பது 27,800 ரூபாய். மாதம் தவறாமல் 16 நாள் வந்தவருக்கு அதே 48 நாளுக்கு 29,760. சராசரியை மட்டும் பார்ப்பவர் கண்ணில் இந்த 1,960 ரூபாய் படாது.

பலவீனமும் சிறிதல்ல. கொடுப்பனவை இழந்தவர் சுதாரிப்பார் என்பது என் ஊகம். மனம் விட்டு, அடுத்த மாதம் முந்தியதில் பாதி நாளே வருவார் என்று வைத்தால் சுழற்சி மறைந்து, அவர் தோட்டத்தை விட்டே நழுவுவார். விதி ஒன்றுதான்; மனிதரைப் பற்றிய அனுமானம் மாறினால் முடிவு தலைகீழாகிறது. மழை, காய்ச்சல், பிள்ளையின் பள்ளிக்கூடம் எதுவும் இந்தச் சார்புக்குள் இல்லை.

துள்ளலை எடுத்துவிட்டுச் செங்குத்தான சரிவு வைத்தால் போதாதா? நிலையான புள்ளி ஒன்று பிறக்கும், உண்மைதான். ஆனால் அது நிற்கவிடாத புள்ளி; இம்மி பிசகினாலும் ஏறக்குறைய எப்போதும் பழைய மூன்று மாதச் சுழற்சியே இழுத்துக்கொள்ளும். தொடர்ச்சி என்ற பெயரால் மட்டும் நியாயம் வந்துவிடாது. சரிவு மென்மையானதாகவும் இருக்க வேண்டும்.

ஆகவே, ஒரு தொழிலாளி அடுத்த மாதம் என்ன செய்வார் என்று சொல்ல இம்முறை லாயக்கில்லை. ஒரு விதி எங்கே குழி வெட்டுகிறது என்று காட்ட இதைவிடக் கூரிய கருவி எனக்குத் தெரியாது. 2019 ஒப்பந்தம் வரவுக் கொடுப்பனவை நீக்கியது. ஒரு நாளில் பறிக்க வேண்டிய கொழுந்தின் அளவான நோர்முக்கு ஒரு கிலோ குறைந்தால் அரைப்பேர் போடும் வழக்கமோ இதே துள்ளலின் தினசரி வடிவம். அடுத்த பேச்சுவார்த்தைக்குப் போகும் தொழிற்சங்கத்தார், மேசைக்கு வரும் ஒவ்வொரு நிபந்தனையையும் கையெழுத்துக்கு முன் பன்னிரண்டு மாதம் ஓட்டிப் பார்க்கட்டும். கொப்பியும் பென்சிலும் போதும்.