மூன்று நாள் கழித்து வந்த பதில்

ஃபைடோநெட் என்ற கணினி வலையில் போய்வந்த பழைய கடிதம் எதையாவது எடுத்துப் பாருங்கள். முதலில் கண்ணில் படுவது அதன் இடது ஓரம். யாருக்குப் பதில் எழுதப்படுகிறதோ அவருடைய பெயரின் முதலெழுத்துகள் இரண்டு, ஒட்டினாற்போல் ஒரு கூர்முனைக் குறி, பிறகு அவர் சொன்ன ஒரு வாக்கியம். கீழே, குறி ஏதும் இல்லாமல், பதில். மறுபடி அவருடைய வாக்கியம், மறுபடி பதில். தொலைபேசிக் கம்பி வழியே கணினியைக் கணினி அழைத்துப் பேசிய 1980களிலும் 90களின் முற்பாதியிலும், பல்லாயிரம் பேர் இப்படி எழுதிப் பழகினார்கள். அவர்களில் சிலர் தேர்ந்தார்கள். அந்தத் தேர்ச்சியை நான் ஒரு கலை என்றே சொல்வேன்; அதன் உயிர் மேற்கோளில் இருந்தது.

இதற்கெல்லாம் தொடக்கம் சிகாகோவில். 1978 ஜனவரியில் கடும் பனிப்புயல் ஊரையே வீட்டுக்குள் பூட்டிவைத்தபோது, வார்ட் கிறிஸ்டென்சன், ராண்டி சூயஸ் என்ற இரு கணினி ஆர்வலர்கள் தங்கள் சங்கத்துக்காக ஒரு பலகை செய்யத் தொடங்கினார்கள். சங்கக் கூட்டங்களில் சுவரில் குறிப்புகள் குத்திவைக்கும் பலகையின் வேலையைத் தொலைபேசி வழியே செய்யவேண்டும் என்பது நோக்கம். கிறிஸ்டென்சன் நிரல் எழுதினார். சூயஸ் வன்பொருளைக் கூட்டினார். பிப்ரவரி 16 அன்று ‘சிபிபிஎஸ்’ என்ற அந்தப் பலகை வேலைக்கு வந்தது. ஒரு தொலைபேசி இணைப்பு, ஒரு நேரத்தில் ஒரே ஒருவர். ஒருவர் உள்ளே இருந்தால் மற்றவருக்கு ‘பிசி’ தொனிதான்.

அன்றைய மோடம் நொடிக்கு 30 எழுத்துகளைக் கொண்டுவந்தது. 80 எழுத்து அகலமுள்ள திரை முழுதும் நிறைய ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். இந்த வேகத்தைக் குறையாகவே சொல்கிறார்கள். எனக்கு அதில் ஒரு பொருத்தம் தெரிகிறது: மனிதக் கண் நிதானமாக வாசிக்கும் வேகமும் ஏறத்தாழ அதுதான். எழுத்து வரவர வாசித்தார்கள். மேலோட்டமாகக் கண்ணை ஓட்டித் தாண்டிப்போக வழியே இல்லை. எழுதுபவருக்கும் அது தெரியும். முதல் வரியில் விஷயம் இல்லையென்றால், வாசிப்பவர் ஒரு விசையைத் தட்டி அடுத்த கடிதத்துக்குப் போய்விடுவார்.

எழுதுவது இன்னும் கடினம். வரிக்கு ஓர் எண். ஒரு வரியை முடித்து அடுத்ததற்குப் போய்விட்டால் மேலே ஏறித் திருத்த முடியாது. கட்டளை கொடுத்து, வரி எண்ணைச் சொல்லி, பழைய சொல்லையும் புதிய சொல்லையும் தட்டச்சு செய்துதான் மாற்றவேண்டும். அதனால் முன்னமே தாளில் எழுதிவைத்துக்கொண்டு அழைத்தவர்கள் உண்டு. வாக்கியத்தை மனத்தில் முடித்த பிறகே விரலை வைக்கும் பழக்கம் அங்கே வந்தது.

ஆனாலும் சிபிபிஎஸ் வகைப் பலகைகளில் எழுதியது அந்த ஊரைத் தாண்டவில்லை. தொலைதூர அழைப்புக்கு நிமிடக் கணக்கில் பணம் போகும். 1984இல் சான் பிரான்சிஸ்கோவில் டாம் ஜென்னிங்ஸ் இதற்கு ஒரு வழி கண்டார். இரவில் கட்டணம் குறைந்த வேளையில் ஒரு பலகையின் கணினி இன்னொரு பலகையை அழைத்து, கடிதக் கட்டைக் கொடுத்துவிட்டு, அங்கிருப்பதை வாங்கிக்கொண்டு தொலைபேசியை வைத்துவிடும். அதுதான் ஃபைடோநெட். கடிதங்களுக்கென்று நாள்தோறும் ஒரு மணி நேரம் ஒதுக்கினார்கள். அமெரிக்கக் கிழக்குக் கரையில் அது அதிகாலை நான்கு மணி. அப்போது மனிதர்கள் யாரும் அழைக்கக் கூடாது. 1986இல் டல்லஸைச் சேர்ந்த ஜெஃப் ரஷ் எக்கோமெயிலைச் சேர்த்தார். ஒரு பலகையில் ஒரு தலைப்பின் கீழ் எழுதிய பொதுக் கடிதம், அந்தத் தலைப்பை, அதாவது அந்த ‘எக்கோ’வை, எடுக்கும் எல்லாப் பலகைகளுக்கும் கைமாறிக் கைமாறிப் போய்ச் சேர்ந்தது. பெறுநர் இடத்தில் ‘எல்லோருக்கும்’ என்று எழுதினால் நிஜமாகவே எல்லோருக்கும். 90களின் நடுவில் இந்த வலையில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பலகைகள் இருந்தன.

இங்கேதான் மேற்கோள் கலையாக மாறுகிறது. டெக்சாஸில் திங்கட்கிழமை கேட்ட கேள்விக்கு ஹாலந்திலிருந்து வியாழக்கிழமை பதில் வரலாம். அதற்குள் கேட்டவரே தான் என்ன கேட்டோம் என்பதை மறந்திருப்பார். அதைவிடப் பெரிய சிக்கல், கடிதங்கள் வெவ்வேறு வழியாகப் போனதால் எல்லா ஊருக்கும் ஒரே வரிசையில் போய்ச் சேரவில்லை. ஓர் ஊரில் பதில் முந்தி வரும், கேள்வி மறுநாள் வரும். ஆகவே ஒவ்வொரு கடிதமும் தன் நினைவைத் தானே சுமந்துகொண்டு போகவேண்டியிருந்தது. முன்பின் தெரியாதவர் அதை மட்டும் எடுத்து வாசித்தாலும் பேச்சு எது, எங்கே நிற்கிறது என்பது விளங்கவேண்டும்.

அதற்கு எதை எடுப்பது, எதை விடுவது? முழுக் கடிதத்தையும் மேற்கோளாக வாரிப்போட்டு அடியில் ‘சரிதான்’ என்று ஒரு வரி எழுதியவர்களும் இருந்தார்கள். அதை எந்த எக்கோவிலும் மதிக்கவில்லை. நல்ல கை வேறு மாதிரி. எதிராளியின் நான்கு பத்திகளில் வாதம் எந்த வாக்கியத்தின்மேல் நிற்கிறதோ அதை மட்டும் தூக்கும். ‘இந்த மோடம் நல்லதுதான், ஆனால் கம்பியில் இரைச்சல் வந்தால் இணைப்பு அறுந்துவிடுகிறது’ என்று ஒருவர் எழுதியிருந்தால், ‘நல்லதுதான்’ என்பதோடு நறுக்கிவிட்டுப் பதில் சொல்வது சுலபம். ‘ஆனால்’ என்பதையும் சேர்த்து எடுத்துவைத்துப் பதில் சொல்வதுதான் திறம். ஏமாற்றவும் முடியாது, மூலக் கடிதம் ஊருக்கு ஊர் பதிவாகி இருக்கிறது. இரண்டு மூன்று நாளில் யாராவது முழு வாக்கியத்தையும் எடுத்துப்போடுவார்.

நம் உரையாசிரியர்களை வாசித்தவர்களுக்கு இது பழகிய சுவை. மூலத்தை நிறுத்தி, துண்டு பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் பொருள் சொல்லி, மாற்றுக் கருத்தையும் ‘என்பாரும் உளர்’ என்று பதிந்து அதன் பிறகே மறுப்பது அவர்கள் முறை. உரையில் மறுக்கப்படுபவர் பெரும்பாலும் பெயரின்றிப் போவார். ஃபைடோநெட்டில் ஓர எழுத்துகள் அவரை விடாமல் அடையாளம் காட்டின. மேற்கோளுக்குள் மேற்கோள் வந்தால் கூர்முனைக் குறி இரண்டாகும், மூன்றாகும். வாதம் எத்தனை அடுக்கு இறங்கியிருக்கிறது என்பது ஓரத்தைப் பார்த்தாலே தெரியும். மூன்றாம் அடுக்குக்குப் பிறகும் தெளிவாக நிற்கும் கடிதத்தை எழுதியவர் பெரிய எழுத்தாளர்தான்.

சுருக்கத்துக்கு அறம் சார்ந்த காரணமும் இருந்தது. பெரும்பாலான பலகைகளை நடத்தியவர்கள் தனிமனிதர்கள். ‘சிஸாப்’ என்று அழைக்கப்பட்ட அவர்கள் வீட்டு அறையில் கணினியை வைத்து, தொலைதூர அழைப்புக்கான பில்லைப் பெரும்பாலும் தங்கள் பையிலிருந்து கட்டினார்கள். தேவையில்லாமல் மேற்கோள் காட்டிய ஒவ்வொரு வரியும் முகம் தெரியாத ஒருவரின் பணம். அது தெரிந்து எழுதியவர்களின் வரிகளில் ஒரு மரியாதை இருக்கிறது.

பிறகு வந்த ஒரு வசதி இந்த எழுத்தை இன்னும் மெருகேற்றியது. 1987இல் டென்னசியின் மெம்ஃபிஸில் இருந்த மார்க் ஹெரிங் கியூடபிள்யூகே என்ற கட்டுமுறையை உருவாக்கினார். பலகையை அழைத்து, புதிய கடிதங்களை ஒரே கட்டாக இறக்கிக்கொண்டு, தொலைபேசியை வைத்துவிடலாம். வீட்டில் ஆற அமர வாசித்து, பதில்கள் எழுதி, மறுபடி அழைத்து ஒரு கட்டாக ஏற்றலாம். ஒருவருக்கு ஒரு நாளில் இத்தனை நிமிடம் என்று பலகைகள் அளந்து கொடுத்த காலம் அது. ஐரோப்பாவின் பல நாடுகளில் உள்ளூர் அழைப்புக்கே நிமிடக் கட்டணம். கடிகாரம் ஓடாத இடத்தில் உட்கார்ந்து எழுத முடிந்ததும் பத்திகள் நீண்டன, வாதங்கள் ஆழ்ந்தன. கோபத்தில் எழுதிய பதிலைக் கட்டிலிருந்து எடுத்துவிட மறுநாள் அழைக்கும்வரை நேரம் இருந்தது. பொருள் வரிக்கு மட்டும் 25 எழுத்துதான் இடம். அதற்குள் ஒரு விவாதத்துக்குத் தலைப்பு வைப்பது தனித் திறமை.

சமையல் எக்கோவைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. அங்கே சமையல் குறிப்புகள் ‘மீல்-மாஸ்டர்’ என்ற மென்பொருளின் அச்சில் போய்வந்தன: மேலே தலைப்பு, வகை, எத்தனை பேருக்கு; பிறகு பொருள்கள் அளவோடு வரிசையாக; அதன் கீழே செய்முறை. வாங்கியவர் தன் கணினியில் அப்படியே சேர்த்துக்கொள்ளலாம். இந்தக் கட்டுக்கோப்பான குறிப்புக்கு முன்னும் பின்னும் எழுதிய நாலைந்து வரிகள்தான் எனக்குப் பிடித்தவை. யாருடைய கைப்பக்குவம், எந்த அளவை மாற்றினேன், வீட்டில் யார் சாப்பிட மறுத்தார் என்பதெல்லாம் அங்கேதான் வரும்.

கடிதத்தின் அடியில் ‘டேக்லைன்’ என்ற ஒற்றை வரி. வாசிப்பு மென்பொருளே ஒரு பட்டியலிலிருந்து எடுத்துப்போடும். அடுத்தவருடையது பிடித்திருந்தால் ஒரு விசையில் எடுத்துத் தன் பட்டியலில் சேர்க்கலாம், அதில் யாருக்கும் வருத்தமில்லை. கெட்டிக்காரத்தனமானவை ஏராளம். ஆனால் நூறு வாசித்தால் அலுத்துவிடும். அதற்கும் கீழே வந்த ‘ஆரிஜின்’ வரிதான் எனக்குப் பெரிது. பலகையின் முகவரி எண் உட்பட 79 எழுத்துக்குள் அடங்கவேண்டும். சிஸாப் தன் பலகையின் பெயரையும் ஊரையும் மனநிலையையும் அந்த இடத்துக்குள் வைத்தார். அது அவர் வீட்டிலிருந்து புறப்பட்ட ஒவ்வொரு கடிதத்தோடும் உலகம் சுற்றியது.

ஃபைடோநெட் இன்றும் சிறிய அளவில் நடக்கிறது. கட்டுகள் இப்போது பெரும்பாலும் இணையம் வழியே நிமிடங்களில் போய்ச் சேர்ந்துவிடுகின்றன. ஓர எழுத்துகளும் கூர்முனைக் குறியும் அப்படியே தொடர்கின்றன. பழையவை வேண்டுமானால் ஜேசன் ஸ்காட் சேர்த்த டெக்ஸ்ட்ஃபைல்ஸ் தொகுப்பில், பலகைகளிலிருந்து மீட்ட கடிதத் தொடர்கள் இருக்கின்றன. வாசிக்க நினைப்பவர்களுக்கு என் யோசனை ஒன்று: நீண்ட விவாதம் ஒன்றை எடுத்து, முதல் சுற்றில் கூர்முனைக் குறியிட்ட வரிகளை மட்டும் படியுங்கள். யார் எதிராளியைச் சரியாக வாசித்திருக்கிறார் என்பது அங்கேயே தெரிந்துவிடும். பதில்களை இரண்டாம் சுற்றில் பார்த்துக்கொள்ளலாம்.