இரு வீரரும் ஒரு வினாவும்

கெடா மாநிலத்தின் யான் வட்டாரத்தில் ஒருபால் நெல்வயல். மற்றொருபால் குனோங் ஜெராய் அடிவாரத்து ரப்பர்த் தோட்டம். வயலில் மலாய்க்காரரும் தோட்டத்தில் தமிழரும் உழைத்தனர். இரு சமூகத்தாரும் அருகருகே வாழ்ந்தனர். ஆயினும் வெண்திரையில் அவர்கள் போற்றிய வீரர்கள் வேறுவேறு. மலாயா விடுதலை பெறுவதற்கு ஓராண்டுக்கு முன்னர், 1956இல், இரு படங்கள் வெளிவந்தன. ஒன்று எம்.ஜி.ஆர். நடித்த 'மதுரை வீரன்', மற்றொன்று பி. ரம்லி நடித்து, ஃபணி மஜும்தார் இயக்கிய 'ஹங் துவா'. இவற்றை ஒப்புநோக்குதல் பயனுடைத்து.

ஜப்பானியர் ஆட்சியில் தோட்டத் தமிழர் பல்லாயிரவர் சயாம் - பர்மா ரயில் பாதைப் பணியில் மடிந்தனர். மனைவி மக்களைக் காக்க இயலாது போன ஆடவனின் தன்மதிப்பு குலைந்தது. அவனுக்கு வாளேந்திய வீரன் ஆறுதலாயினான். அதிலும் மதுரை வீரன், திரைக்கு வருமுன்னரே தோட்டத்து எல்லையில் நின்ற காவல் தெய்வம்.

செருப்புத் தைப்போர் வீட்டில் வளர்ந்தவன் வீரனாவது உழைப்பாளிக்குப் பெருமையே. ஆனால் கதை அவனை அரசகுமாரனாகப் பிறப்பிக்கிறது. உழைப்பவன் வீரனாவதற்கு அரச இரத்தம் எதற்கு? 1943இல் ஜான்சி ராணிப் படையில் துப்பாக்கி ஏந்தியோருள் தோட்டத்துத் தமிழ்ப் பெண்களும் இருந்தனர். படத்திலோ பொம்மியும் வெள்ளையம்மாளும் வீரனின் விதியோடு பிணைந்தவராகவே நிற்கின்றனர்.

இரு கதைக்கும் அடித்தளம் ஒன்றே. பழிச்சொல்லை நம்பிய அரசன், குற்றமற்ற வீரனைத் தண்டிக்கிறான். வீரனோ பணிகிறான். மதுரை வீரன் மாறுகால் மாறுகை வாங்கப்பட்டு மாண்டு தெய்வமாகிறான். மறைவாகக் காக்கப்பட்ட ஹங் துவா, தனக்காக அரசனை எதிர்த்த நண்பன் ஜெபாட்டைக் கொன்று, கலங்கிய நெஞ்சினனாய் நிற்கிறான்.

வேற்றுமை முடிவில்தான் உள்ளது. ஹங் துவாவின் கலக்கம் வினாவாக எஞ்சியது. 1961இல் ஹுசைன் ஹனிஃப் இயக்கிய 'ஹங் ஜெபாட்', அநீதியை எதிர்த்தவனையே நாயகனாக்கி அவ்வினாவை வளர்த்தது. மதுரை வீரன் தெய்வமானமையால், அரசனை நோக்கி எழவேண்டிய வினா பூசையில் அடங்கிவிட்டது. 1958இல் வந்த 'நாடோடி மன்னன்' சட்டம் வகுக்கும் வீரனைக் காட்டியது உண்மையே. ஆயினும் அரியணையில் அமர்ந்த பின்னரே அவனாலும் சட்டம் வகுக்க முடிந்தது. குடிமகனாகவே நின்று உரிமை கேட்கும் ஆண்மையை 'மதுரை வீரன்' காட்டவில்லை.

இக்குறை கலைக்குறை மட்டுமன்று. 1968ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம், குடியுரிமை இல்லாதோர் வேலை செய்ய அனுமதிச்சீட்டு வேண்டும் என்றது. தோட்டத் தமிழர் பலர் வேலையிழந்தனர், பலர் கப்பலேறினர். அவ்வேளையில் அவர்களைக் காக்கக்கூடியது வாளன்று, ஒரு தாள். காலத்தில் விண்ணப்பம் எழுதி, அலுவலகப் படியேறி, அத்தாளைப் பெற்றுத் தந்தவன் பெயர் எப்படத்திலும் இல்லை.

சினிமாவை வகுப்பறைக்குள் விடலாகாது என்பர் சிலர். அது வேண்டாத அச்சம். இரு படங்களையும் அருகருகே வைத்து, "அரசன் தவறியபோது வீரன் செய்திருக்க வேண்டியது யாது?" என மாணவரைக் கேட்பதே தக்கது. மலாய் மாணவனும் தமிழ் மாணவனும் ஒருங்கிருந்து விடை தேடத்தக்க வினா அது. நாட்டுப்பற்று என்பது பணிதல் மட்டுமன்று. கேட்டலும் ஆகும் என்பதை அவர்கள் அங்கே உணர்வர்.